பாடத்துக்கு வெளியே

விண்ணப்பத்தின் ஒன்பதாம் கேள்வி:
பாடத்துக்கு வெளியே ஈடுபட்டவை எவை?
மூன்று வரி விட்டிருக்கிறார்கள்,
மூன்றாவது பாதியில் முடிகிறது.

பிப்ரவரி வெயில். வெஸ்ட்வில் குன்றுப் புல்வெளியில்
கழகங்கள் மேசை போட்டிருந்தன.
விவாதக்காரர்களிடம் வரிசை, நடனக்காரர்களிடம் ஒலிபெருக்கி.
கடைசி மேசையில் ஆள் குறைவு, சமோசா அதிகம்.
அதற்காகத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது.
கையெழுத்துப் போட்டபின்தான் படித்தேன்:
வானியல் கழகம்.
அதற்குள் என் இரண்டாவது சமோசா
ஒரு குரங்கோடு கூரையேறிவிட்டது.

“கணக்கியல் படிக்கிறவளுக்கு நட்சத்திரம் எதற்கு,
எண்ணிப் பார்க்கவா?” என்றார் அப்பா,
சாட்ஸ்வர்த் வீட்டுக் கேட்டருகே
டயரை உதைத்துப் பார்த்தபடி.

பத்துப் பேர் இருந்தால்தான் கழகம் என்பது விதி.
நாங்கள் எட்டு.
ஒன்பதும் பத்தும், சமோசா தின்று பெயர் கொடுத்துவிட்டு
மறுபடி முகம் காட்டாதவர்கள்.
அவர்கள் நன்றாயிருக்கட்டும்.

இருந்தது ஒரே தொலைநோக்கி,
முறிந்த காலுக்கு ஹாக்கி மட்டையின் டேப்.
பொருளாளர் நொம்செபோ.
அப்படித்தான் கூப்பிட்டேன், சிரித்துவிட்டாள்.
நடுவில் இருப்பது ‘செ’ இல்லையாம்,
நாக்கு நுனி பல்லுக்குப் பின்னே ஒட்டிப் பிரியும்
ஒரு சொடுக்கு.
“இது எங்களிடம் இருக்கிறதே!” என்று கத்தினேன்.
உச்சுக் கொட்டுவோமே, அதுதான்.
பஸ் போய்விட்டால், பால் வழிந்தால்,
பக்கத்து வீட்டுப் பையன் பெயிலானால்.
இருநூற்று நாற்பத்தேழில் ஓர் எழுத்தும் தராமல்
பரிதாபத்துக்கென்று நாங்கள் ஒதுக்கிய ஒலியை
அவள் ஜனங்கள்
ஒரு பெண்ணின் பெயருக்குள் வைத்திருக்கிறார்கள்.
பெயருக்குப் பொருள் செல்வம்.
அவள் டின்னில் அன்று முந்நூற்று நாற்பது ரேண்ட்.

மின்வெட்டை ஊரே சபித்தது,
நாங்கள் அட்டவணை பார்த்துக் கூட்டம் வைத்தோம்.
எட்டு மணிக்கு ரிசர்வாயர் ஹில்ஸ் அணையும்,
பிறகு நியூலண்ட்ஸ்.
கார் நிறுத்தும் கான்கிரீட்டில் மல்லாந்து கிடப்போம்,
பகல் சூடு முதுகில் மிச்சமிருக்கும்.
அங்கேதான் சனியைப் பார்த்தேன்.
அம்மா எள்விளக்கேற்றிப் பயந்த அந்த ஆள்
காது முளைத்த அரிசிமணி போல
பாவமாய் நின்றிருந்தார்.

எல்லா இரவும் அப்படியில்லை.
முக்காலி வாங்குவதா, மலைக்கு வேன் பிடிப்பதா என்று
இரண்டு மணிநேரம் சண்டை.
ரித்வான் ராஜினாமா எழுதி என் கையில் திணித்தான்.
செயலாளர் நான், குறிப்பேட்டில் பதிந்தேன்.
மூன்றாம் நாள் அவனை அழைத்து
“நான் சொன்னது தப்பு” என்றேன்.
அந்த வாக்கியத்துக்கு எந்தத் தாளிலும் மதிப்பெண் இல்லை.
மாணவர் மன்றத்தில் ஆயிரத்து இருநூறு கேட்டு
எழுநூறு வாங்கியதற்கும் இல்லை,
அன்று குரல் நடுங்கியது, ஆனால் உட்காரவில்லை.

வரிப் பாடத்தில் முப்பத்தெட்டு வாங்கிய வாரம்
கூட்டத்துக்குப் போகாமல் போர்த்திப் படுத்தேன்.
ஒரே டாக்ஸியில் ஐந்து பேர் வந்திறங்கினார்கள்,
தொலைநோக்கியோடு, நொம்செபோவின் வரிக் குறிப்புகளோடு.
ரித்வான் வாசலிலேயே கால்களை விரித்து நிறுத்தினான்.
அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
ரொம்ப நேரம் கழித்து,
“இதை எந்தப் பக்கம் பார்க்கணும்?”

எழுதினேன்:
வானியல் கழகம், செயலாளர், இரண்டாண்டு.
ஒரு வரிகூட நிரம்பவில்லை.
மீதி வெள்ளையைப் பார்த்துக்கொண்டே
பேனாவை மூடாமல்
ஒருமுறை உச்சுக் கொட்டிப் பார்த்தேன்.
சரியாகத்தான் வருகிறது.